பத்து நிமிடப் பிரசங்கம்



சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து பூகிஸ் பக்கம் நடந்து செல்பவர்கள் ஓஃபிர் ரோட்டில் ஒரு கூர்கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். அதுதான் லூர்து அன்னை ஆலயம். 1888ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று சிங்கப்பூரில் எழுப்பப்பட்ட முதல் ஆலயம் என்ற பெருமை இதற்கு உண்டு. 2005ஆம் ஆண்டு தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பேருந்தில் போகும்போது பலர் அதைப் பார்க்கிறார்கள். திருமணத்திற்கோ இறுதிச் சடங்கிற்கோ அழைப்பு வந்தால் சிலர் உள்ளே போகிறார்கள். ஆனால், ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது, அங்கே பேசப்படும் தமிழ் யாருக்காகப் பேசப்படுகிறது என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. இன்றைய அங்கத்தின் பொருள் அதுதான்: திருப்பலியும், அதன் நடுவே வரும் பிரசங்கமும்.

இது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரிய பேச்சல்ல. மேடையேறித் தமிழில் பேசுகிறவர்களுக்கும், கீழே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆலயம் வந்த கதை

முதலில் கொஞ்சம் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்கு வந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குத் தனி ஆலயம் கிடையாது. குவீன் ஸ்திரீட்டில் 1870இல் எழுந்த தூய பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கர்களோடு சேர்ந்தே அவர்கள் வழிபட்டார்கள். ஒரே கூரையின் கீழ் இரு மொழி மக்கள். எண்ணிக்கை கூடக் கூட, தங்கள் மொழியில் செபம் சொல்லவும் பிரசங்கம் கேட்கவும் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. பிரெஞ்சு நாட்டு மறைப்பணியாளரான மெனுவ்ரியே அடிகளார் அந்தப் பொறுப்பை ஏற்றார். 1886இல் அடிக்கல் நாட்டி, இரண்டே ஆண்டுகளில் ஆலயம் எழுந்தது.

பிரான்சிலுள்ள லூர்து நகரில், 1858ஆம் ஆண்டு பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு மரியன்னை காட்சி கொடுத்தார் என்பது கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. அந்த நகரத்தின் பெயரையே ஓஃபிர் ரோட்டு ஆலயமும் தாங்கி நிற்கிறது. பிரெஞ்சு ஊரின் பெயர், ஐரோப்பிய கோத்திக் பாணிக் கட்டடம், உள்ளே தமிழ்ச் செபம். சிங்கப்பூருக்கே உரிய கலவை என்று இதைச் சொல்லலாம். கோலாலம்பூரில் 1910இல் தொடங்கிய தூய அந்தோணியார் ஆலயமும் இப்படித் தமிழர்களை மையமாகக் கொண்டு வளர்ந்ததுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழர்கள் தனி ஆலயம் கேட்டபோது, அங்கே நடந்த பூசை தமிழில் இருக்கவில்லை. அது லத்தீனில் இருந்தது. குருவானவர் பீடத்தைப் பார்த்தபடி லத்தீனில் மந்திரங்களைச் சொல்வார். மக்கள் பின்னால் முழந்தாளிட்டுத் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் அவர்களுக்குத் தமிழில் நேரடியாகக் கிடைத்தது என்ன? பிரசங்கம். குருவானவர் மக்கள் பக்கம் திரும்பி, மக்களின் மொழியில் பேசிய பொழுது அதுதான். 1888இல் எழுந்த ஒரு கற்கட்டடத்தின் பின்னால், புரிகிற மொழியில் பத்து நிமிடம் கேட்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

இந்த நிலை மாறியது இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தினால். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி வெளியான திருவழிபாட்டு ஏடு, தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. பிரசங்கம் வழிபாட்டின் ஓர் அங்கம் என்றும், மக்கள் கூடும் ஞாயிறு, திருவிழாத் திருப்பலிகளில் தக்க காரணமின்றி அதை விடக்கூடாது என்றும் அதே ஏடு சொன்னது. சொற்களும் மாறின. பூசை திருப்பலியானது. பிரசங்கம் மறையுரையானது. வேதாகமம் திருவிவிலியமானது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் "பூசைக்குப் போகணும்", "சாமியார் நல்லா பிரசங்கம் வச்சார்" என்றுதான் சொல்கிறார்கள். பழைய சொல்லுக்குள் ஒரு வாழ்க்கையே இருக்கிறது.

புதிதாக ஒருவர் நுழைந்தால்...

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திருப்பலிக்கு, கத்தோலிக்கர் அல்லாத தமிழர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலக நண்பரின் தாயார் காலமாகி முப்பது நாள். அவருக்காகப் பூசைக் கருத்துக் கொடுத்திருக்கிறார்கள். நண்பர் அழைத்ததால் வருகிறார். வாசலிலேயே தயக்கம். "காலணியைக் கழற்றணுமா அண்ணே?" என்று கேட்கிறார். "வேண்டாம், அப்படியே வாங்க. எல்லாரும் எழுந்தா எழுந்திருங்க, உட்கார்ந்தா உட்காருங்க, அது போதும்" என்கிறார் நண்பர்.

உண்மையில் அது போதும். திருப்பலிக்கு இரண்டு பெரும் பகுதிகள். முதலாவது இறைவார்த்தை வழிபாடு. இரண்டாவது நற்கருணை வழிபாடு. வருகைப் பாடலோடு தொடங்கி, செய்த பிழைகளுக்கு எல்லாரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். குருவானவரும் அதே மன்னிப்பைக் கேட்கிறார். அதன் பின் வாசகங்கள். பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒன்று, திருப்பாடல் ஒன்று, திருமுகங்களிலிருந்து ஒன்று, கடைசியாக நற்செய்தி. நற்செய்தி வாசிக்கும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள். பின்னர் உட்கார்ந்து மறையுரை கேட்பார்கள்.

எந்த ஞாயிறு எந்தப் பகுதியை வாசிப்பது என்பதைக் குருவானவர் தம் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. மூன்று ஆண்டுச் சுழற்சி ஒன்று இருக்கிறது. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் நற்செய்தி இடையிடையே, குறிப்பாகப் பாஸ்கா காலத்தில் வரும். ஓஃபிர் ரோட்டில் வாசிக்கப்படும் அதே பகுதிதான் அன்று கோலாலம்பூரிலும் வேளாங்கண்ணியிலும் வாசிக்கப்படுகிறது. பேசுகிறவருக்கு இது ஒரு கட்டுப்பாடு. பிடித்த தலைப்பை மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. கடினமான பகுதி வந்தாலும் அதை எதிர்கொண்டே ஆக வேண்டும்.

திராட்சைத் தோட்டத்துக் கூலி

அப்படி ஒரு கடினமான பகுதி மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. மத்தேயு ஆண்டில், ஆண்டின் பொதுக்காலம் 25ஆம் ஞாயிறன்று அது வாசிக்கப்படும். கதை எளியது. திராட்சைத் தோட்டத்து முதலாளி ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய், நாளுக்கு ஒரு தெனாரியம் கூலி பேசி ஆட்களை அழைத்து வருகிறார். தெனாரியம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. ஒன்பது மணிக்கும், பன்னிரண்டு மணிக்கும், மூன்று மணிக்கும் போய் மேலும் ஆட்களை அழைக்கிறார். மாலை ஐந்து மணிக்கும் போகிறார். அங்கே இன்னும் சிலர் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் கூலி கொடுக்கும் நேரம். கடைசியில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம், வெயிலில் நாள் முழுவதும் உழைத்தவருக்கும் ஒரு தெனாரியம். முந்தி வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு உட்காரும் கூட்டத்தைப் பாருங்கள். முன்வரிசையில் எழுபது வயதுப் பாட்டி. பல ஆண்டுகள் அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். நடுவே ஒரு வழக்கறிஞர் குடும்பம். ஓரத்தில், தூணுக்கு அருகே, தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்த கட்டுமானத் தொழிலாளர் நான்கு பேர். வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு நாள் அதுதான். தங்குவிடுதியிலிருந்து பேருந்தும் எம்ஆர்டியும் மாறி வந்திருக்கிறார்கள். காலஞ்சென்ற தாயாரின் பேரன், பதினான்கு வயது, பாட்டிக்காக வந்திருக்கிறான். கடைசி வரிசையில் நம் விருந்தினர். இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒருவர் எழுந்து பத்து நிமிடம் பேச வேண்டும்.

எப்படிப் பேசலாம்?

ஒரு வழி, ஆன்மிகப் பொருள் சொல்வது. விடியற்காலை என்பது குழந்தைப் பருவம், மாலை ஐந்து மணி என்பது முதுமை. எந்த வயதில் இறைவனிடம் திரும்பினாலும் அவர் ஏற்றுக்கொள்வார். இது பழமையான விளக்கம். 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியாரின் மறையுரைத் தொகுப்பிலேயே இந்த விளக்கம் உண்டு. தவறில்லை, அழகானதும் கூட. தாயை இழந்த குடும்பத்திற்கு அது ஆறுதல் தரும். ஆனால் அதோடு நின்றுவிட்டால், தூணருகே இருக்கும் நான்கு பேருக்குக் கூலி என்ற சொல் மட்டும் காதில் விழுந்து, பொருள் எங்கோ போய்விடும்.

இரண்டாவது வழி, அறிவுரை சொல்வது. பொறாமைப்படாதே, முணுமுணுக்காதே, கிடைத்ததைக் கொண்டு திருப்தியாக இரு. இதுதான் ஆபத்தான வழி. நாள் முழுவதும் வெயிலில் நின்றவரின் முணுமுணுப்பில் நியாயமே இல்லையா? தினம் கூடுதல் நேரம் வேலை செய்து, சம்பளம் தாமதமாகி, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருக்கும் ஒருவரிடம் போய் முணுமுணுக்காதே என்றால், அது ஆண்டவரின் வார்த்தையாக அவருக்குக் கேட்குமா, முதலாளியின் வார்த்தையாகக் கேட்குமா?

மூன்றாவது வழி, கதைக்குள் போய் நின்று பார்ப்பது. அந்த முதலாளி யாருக்கும் கூலியைக் குறைக்கவில்லை. பேசிய கூலியை முழுமையாகக் கொடுத்தார். அதுவும் அன்று மாலையே கொடுத்தார். ஏன் அன்று மாலையே? பழைய ஏற்பாட்டில் இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஏழைக் கூலியாளின் கூலியை அன்றன்றே, சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும். அவர் சொந்த இனத்தவரானாலும் சரி, நாட்டில் வாழும் அந்நியரானாலும் சரி. அவர் உயிர் பிழைப்பது அந்தக் கூலியால்தான் என்பதே அதன் சாரம். ஆக, இந்த உவமையைக் காட்டி யாரும் குறைந்த கூலியை நியாயப்படுத்த முடியாது. சட்டம் கேட்டதை முதலில் நிறைவேற்றிவிட்டு, அதற்கு மேலும் கொடுத்தவர் அந்த முதலாளி.

மாலை ஐந்து மணிக்கு நின்றவர்கள் சோம்பேறிகளா? யாரும் அழைக்கவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன பதில். வலிமையானவர்களை விடியற்காலையிலேயே தேர்ந்தெடுத்துக் கொண்டு போயிருப்பார்கள். மிஞ்சியவர்கள் வயதானவர்களாகவோ, நோஞ்சான்களாகவோ, ஊருக்குப் புதியவர்களாகவோ இருந்திருக்கலாம். அவர்கள் வீட்டிலும் இரவு அடுப்பெரிய வேண்டுமே! ஒரு மணி நேரக் கூலியில் ஒரு குடும்பம் சாப்பிட முடியாது. முதலாளி அவர்கள் உழைத்த மணிக்கணக்கைப் பார்க்கவில்லை, வீட்டில் காத்திருக்கும் வாய்களைப் பார்த்தார். அன்றைய முதல் வாசகமான எசாயாவின் பகுதியும், இறைவனின் எண்ணம் மனிதரின் எண்ணத்தைப் போன்றதல்ல என்றுதான் சொல்கிறது.

இப்படிச் சொன்னால், பாட்டிக்குத் தம் பழைய வேலை நினைவுக்கு வரும். வழக்கறிஞர், வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளத் தேதியை யோசிப்பார். தொழிலாளர்கள் தலை நிமிர்வார்கள். கடைசி வரிசை விருந்தினரோ, தம் அலுவலகத்தில் ஐம்பது வயதைத் தாண்டியதால் யாரும் வேலைக்கு அழைக்காத ஒருவரை நினைத்துக்கொள்வார். ஒரே கதைதான். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் சந்தைவெளியில் போய் நிற்கிறார்கள்.

எட்டு நிமிடம்

மறையுரை எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியவர். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மக்களுக்குக் கவனம் போய்விடும், தூங்கிவிடுவார்கள் என்றார். அதற்கு முன்பே, 2013இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற மடலில் மறையுரைக்கென்று நீண்ட பகுதியை ஒதுக்கியிருந்தார். ஒரு மணி நேரம் மக்களைக் கட்டிப்போட்டுப் பேசக்கூடிய வல்லவராக இருந்தாலும், அப்படிப் பேசினால் அவர் பேச்சு வழிபாட்டைவிடப் பெரிதாகிவிடும் என்பது அவர் கருத்து. அதே மடலில், தாய் தன் பிள்ளையோடு பேசுவதைப் போல மறையுரை இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சிங்கப்பூரில் அவரே ஆற்றிய மறையுரையும் உண்டு. 2024 செப்டம்பர் 12ஆம் தேதி, தேசிய விளையாட்டரங்கில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் முன்னிலையில் அவர் திருப்பலி நிறைவேற்றினார். வானளாவும் கட்டடங்களைக் கண்டு வியந்த அவர், இவற்றின் தொடக்கம் பணமோ தொழில்நுட்பமோ அல்ல, அன்பு என்றார். அதே நாள், நாட்டின் தலைவர்களும் தூதர்களும் கூடியிருந்த அவையில், வெளிநாட்டு ஊழியர்களின் மாண்பு காக்கப்பட வேண்டும், அவர்களுக்கு நியாயமான ஊதியம் உறுதி செய்யப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். திராட்சைத் தோட்டத்துக் கதையை விளக்க இதைவிடப் பொருத்தமான குறிப்பு வேறென்ன வேண்டும்?

அந்த மறையுரையில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது. சிங்கப்பூர் வழியாகப் பலமுறை கடந்து சென்ற புனித பிரான்சிஸ் சவேரியாரைத் திருத்தந்தை நினைவுகூர்ந்தார். சவேரியார் தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றைக் குறிப்பிட்டார். பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் ஓடிச் சென்று, படித்தவர்களை உலுக்கி எழுப்ப வேண்டும் போலிருக்கிறது என்று சவேரியார் அதில் எழுதியிருந்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதப்பட்ட அந்தக் கடிதம் பேசுவது தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறையைப் பற்றி. தூத்துக்குடி, மணப்பாடு கரையோரப் பரதவ மக்களிடையே தாம் செய்த பணியைத்தான் அதில் விவரித்திருந்தார். தமிழ்க் கடற்கரையில் பிறந்த ஒரு கடிதம், ஏறத்தாழ 480 ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூர் விளையாட்டரங்கில் ஒலித்தது.

ஒரு சொல்லில் வந்த வினை

அந்தச் சவேரியாருக்குத் தமிழ் எளிதாக வரவில்லை. இரு மொழியும் தெரிந்த சிலரின் உதவியோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணி அடித்தபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். விசுவாச அறிக்கையில், விசுவசிக்கிறேன் என்று வர வேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. நம்புகிறேன் என்பது வேண்டும் என்று ஆகிவிட்டது! பிறகு உண்மை தெரிந்ததும், 1544இல் தம்மோடு பணியாற்றிய தோழருக்கு எழுதிய கடிதத்தில், அந்தச் சொல்லை மாற்றிச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார்.

இது சிரித்துவிட்டுப் போகிற செய்தியல்ல. ஒரு சொல் பிசகினால் நம்பிக்கையே வேறு பொருளாகிவிடும் என்று தெரிந்ததால்தான், அடுத்து வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. பதினாறே பக்கம். மக்களுக்குப் புரிய வேண்டும் என்ற கவலை தமிழ் அச்சுக்கே வழி திறந்தது என்றால் மிகையாகாது.

பேரனுக்குப் புரிந்ததா?

இப்போது அந்தப் பதினான்கு வயதுப் பேரனிடம் வருவோம். பாட்டிக்காக நடந்த திருப்பலி. பாட்டியின் பெயர் வாசிக்கப்பட்டபோது அவன் நிமிர்ந்தான். அதன் பிறகு வந்த தமிழில் பாதி அவனுக்குப் புரியவில்லை. பள்ளியில் தமிழ் படிக்கிறான்தான். ஆனால் வீட்டில் ஆங்கிலம். மீட்பு, அருள், உடன்படிக்கை, மன்றாட்டு போன்ற சொற்கள் அவனுடைய பாடநூலிலும் கைப்பேசியிலும் அதிகம் வருவதில்லை. அடுத்த வாரம் அவன் ஆங்கிலத் திருப்பலிக்குப் போய்விடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது. வழிபாடு புரிய வேண்டும் என்றுதானே அவனுடைய முன்னோர்கள் 1888இல் தனி ஆலயம் கண்டார்கள்? அதே காரணத்துக்காகத்தான் அவனும் போகிறான்.

இங்கேதான் சங்கடம். தமிழை மிக எளிமையாக்கினால், ஊரிலிருந்து வந்த தொழிலாளிக்கும் பாட்டிக்கும் அது ஊறுகாய் இல்லாத பழஞ்சோறு போலாகிவிடும். உயர்த்திப் பேசினால் பேரன் போய்விடுவான். ஆங்கிலத்தைக் கலந்தால் இரு தரப்பும் பாதி பாதி இழப்பார்கள். இதற்கு எளிய மருந்து கிடையாது. ஆனால் செய்யக்கூடியவை சில உண்டு.

பேசுகிறவர், ஒரு மறையுரையில் ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளலாம். கடினமான சொல் வந்தால் அதை விட்டு ஓட வேண்டாம். ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டுப் போகலாம். தெனாரியம் என்றால் ஒரு நாள் கூலி என்று சொல்வதற்கு மூன்று விநாடி போதும். அந்தச் சொல் பேரனிடம் தங்கிவிடும். கேட்பவர்களின் வாரம் எப்படிப் போயிற்று என்று தெரிந்துகொண்டு பேசலாம். அதற்குத் திருப்பலி முடிந்ததும் வாசலில் நின்று நாலு பேரிடம் பேசினாலே போதும். வேதத்தைப் படிப்பது போலவே மக்களையும் உற்று நோக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு மடலும் சொல்கிறது.

கேட்கிறவர்களுக்கும் கடமை உண்டு. அன்றைய வாசகம் எது என்பது முன்கூட்டியே தெரியும். சனிக்கிழமை இரவு, கைப்பேசியை ஐந்து நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் ஒருவர் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினால் மறுநாள் பிரசங்கம் பாதி புரிந்துவிடும். முன்பு அதைப் பாட்டிகள் செய்தார்கள். பாட்டி போய்விட்டால் அந்த வேலையும் அவரோடு போய்விட வேண்டும் என்று கட்டாயமா?

தொலைக்காட்சியும் இணையமும் இந்த இடத்தை நிரப்பும் என்று எண்ணியவர்கள் உண்டு. 2020 பிப்ரவரி 15 முதல், கொரோனா தொற்றினால் சிங்கப்பூரில் மக்கள் பங்கேற்கும் திருப்பலிகள் நிறுத்தப்பட்டபோது, வீட்டிலிருந்தே திரையில் பார்த்தார்கள். ஒலி தெளிவாக இருந்தது, முகம் அருகில் தெரிந்தது. இருந்தாலும் கதவு மீண்டும் திறந்ததும் மக்கள் வந்தார்கள். காரணம், திரையில் பேச்சு கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியாது. கூலிக்காரர் கதையைத் தனியாகக் கேட்பது ஒன்று. நான்கு கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது வேறொன்று.

அனுப்பி வைக்கும் சொல்

மறையுரை முடிந்து சிறிது மௌனம். பின்பு விசுவாச அறிக்கை, மன்றாட்டுகள், காணிக்கை. அப்பமும் இரசமும் பீடத்துக்கு வருகின்றன. எழுந்தேற்றத்தின்போது மணி ஒலிக்க, ஆலயம் முழுவதும் முழந்தாளில். பின்னர் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். விருந்தினரிடம் முதலில் கைகூப்பியவர் முன்பின் தெரியாத ஒரு தொழிலாளி. நற்கருணை பெறுவது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது. மற்றவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம், அல்லது வரிசையில் போய்க் கைகளை மார்பில் குறுக்காக வைத்து ஆசீர் பெறலாம். இரண்டிலும் குறைவில்லை. இப்படி நடந்துகொண்டால் போதும் என்று தெரிந்தால், அழைப்பு வரும்போது போகத் தயங்குபவர்களின் தயக்கமும் தீரும்.

ஆங்கிலத்தில் 'மாஸ்' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல் லத்தீன் வழிபாட்டின் கடைசி வாக்கியத்திலிருந்து வந்தது. அனுப்பி வைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். ஒரு வழிபாட்டிற்கு அதன் முடிவிலிருந்து பெயர் வந்திருக்கிறது என்றால், வெளியே போய் என்ன செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று பொருள். திராட்சைத் தோட்டத்துக் கதையைக் கேட்ட முதலாளி மறுநாள் சம்பளத்தைத் தாமதமின்றிக் கொடுத்தால், அந்தப் பத்து நிமிடம் பலன் தந்தது. கொடுக்காவிட்டால், பேச்சு எத்தனை இனிமையாக இருந்தாலும் அது காற்றோடு போனது.

இது ஓஃபிர் ரோட்டுக்கு மட்டுமா பொருந்தும்? கோயிலில் நடக்கும் சொற்பொழிவுக்கும், தமிழில் ஜும்ஆப் பேருரை நிகழும் பள்ளிவாசலுக்கும் இதே கேள்விகள் உண்டு. முன்வரிசைப் பாட்டிக்குப் புரிந்ததா? ஓரத்தில் நிற்கும் தொழிலாளிக்கு அதில் இடம் இருந்ததா? பேரன் ஒரு சொல்லையாவது வீட்டுக்கு எடுத்துப் போனானா? மேடைத் தமிழ் பல இடங்களில் குறைந்துவரும் இந்நாளில், வாரந்தோறும் தவறாமல் பத்து நிமிடம் தமிழ் கேட்க மக்கள் கூடி அமரும் இடங்கள் வழிபாட்டுத் தலங்கள்தாம். அந்தப் பத்து நிமிடத்தை வீணடிக்க யாருக்கும் உரிமையில்லை, பேசுகிறவருக்கும் சரி, கேட்கிறவருக்கும் சரி.

நேயர்களே, இந்த வாரம் எந்த வழிபாட்டுத் தலத்துக்குப் போனாலும் ஒன்று செய்து பாருங்கள். திரும்பி வரும் வழியில், பேருந்திலோ எம்ஆர்டியிலோ, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம், "இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். பதில் வந்தால் மகிழ்ச்சி. பதில் வராவிட்டால், நீங்கள் கேட்டதைத் தமிழிலேயே இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்.